திரைக்கு வராத வாப்பா

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். இலங்கை மலைநாட்டில், திகன பிரதான வீதியில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. டிஷ் அன்டெனா பூட்டுவது, வீடுகளுக்குக் கமரா வைப்பது, கலியாண மண்டபங்களுக்குப் பெரிய திரையும் ஸ்பீக்கரும் வாடகைக்குக் கொடுப்பது, இதுதான் தொழில். கலியாணங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. வாரம் ஒன்று பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே கலியாணம்தான், சாப்பாடு மட்டும்தான் மாறும். ஆகவே உணர்ச்சிவசப்பட்டு எதையோ கூட்டிச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடைக்குப் பின்னால் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீடு. தாயும் ஒரே மகளும். தகப்பன் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. வருடத்தில் முக்கால்வாசி கடலில் இருப்பார். மகள் பிறந்தபோதும் அவர் கடலில், அவள் பரீட்சை பாஸானபோதும் கடலில். அவளுக்குக் கலியாணம் பேசி முடித்ததும் அவர் கப்பலேறிய பிறகுதான். மாப்பிள்ளை குண்டசாலைப் பக்கம், கட்டாரில் வேலை. கொஞ்ச நாள் லீவில் வந்திருந்தார். லீவு முடிவதற்குள் நிக்காஹ் என்று அவசரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார்கள்.

எங்கள் முறையில் பெண்ணின் தகப்பன்தான் வலீ, அதாவது பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளி. அவரால் வர முடியாவிட்டால் தன் சார்பில் இன்னொருவரை வக்கீலாக நியமிக்கலாம். "என் மகளை இன்னாருக்கு நிக்காஹ் செய்து கொடுக்க என் தம்பியை வக்கீலாக்குகிறேன்" என்று இரண்டு சாட்சிகள் கேட்க ஒரு வசனம் சொன்னால் போதும். மிச்சத்தைத் தம்பி பார்த்துக்கொள்வார். அதை வீடியோவில் சொன்னாலும் பரவாயில்லை என்று மௌலவி ஒத்துக்கொண்டிருந்தார். பேசுவது அவர்தான் என்று சாட்சிகளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மண்டபத்தில் திரை வைத்து அவரைக் காட்டும் வேலை என்னிடம் வந்தது.

கலியாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு சோதனை பார்த்தேன். கப்பல் அப்போது ஐரோப்பாவின் வடக்கே ஒரு துறைமுகத்தில் நின்றது. படம் தெளிவாக வந்தது. சலாம் சொன்ன கையோடு மனிதர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கவில்லை.

"எட்டுல எத்தன மகள்?"

மகள் எழுந்து ஜன்னலைத் திறந்து, கழுத்தை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தாள்.

"மூணு வாப்பா. ஹுன்னஸ்கிரிய மல நல்லா தெளிவா ஈக்கி."

நான் முழிப்பதைப் பார்த்து அவளுடைய உம்மா விளக்கினார். கப்பலில் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வானிலை பார்த்துக் கரைக்கு அனுப்ப வேண்டுமாம். அது இவருடைய வேலை. வானத்தை எட்டுப் பங்காக வைத்து, அதில் எத்தனை பங்கு மேகம் என்று கணக்குச் சொல்வார்களாம். மகள் எண்ணப் படித்த நாளிலிருந்து, எந்தக் கடலிலிருந்து பேசினாலும் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விதானாம். எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் மறை கழன்ற மனிதர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அந்த உம்மா ஒரு நல்ல யோசனை சொன்னார். "இப்பவே அந்த வசனத்த சொல்லி முடிச்சா என்ன? சாட்சிக்கு ரெண்டு பேர கூப்பிட எவ்வளவு நேரம்?"

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல, அண்டைக்கு மகள்ட முகத்த பாத்துத்தான் சொல்லுவேன். அவள்ட ஒண்டுக்கும் நான் ஈக்கல்ல. இதுக்காவது ஈக்கணும்."

மகளுக்கும் அதுதான் ஆசை. தம்பிக்கோ மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அண்ணனைப் பெரிய திரையில் காட்ட வேண்டும். எனக்குத் திரை வாடகைக்குப் போக வேண்டும். ஆக எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ஒரு வசனத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம்.

அந்தக் கப்பல் போக வேண்டியது கிழக்கே. கோடை கடைசியில் வடதுருவப் பக்கம் பனி இளகும்போது உலகத்தின் உச்சந்தலை வழியாகவே இப்போது கப்பல்கள் குறுக்கே போகின்றனவாம். கலியாண நாளுக்குள் அந்தப் பக்கத்தைக் கடந்து ஒரு துறைமுகத்தில் நிற்போம் என்பதுதான் அவருடைய கணக்கு. ஆனால் புதன்கிழமை ஒரு செய்தி வந்தது. வழியைப் பனி அடைத்துவிட்டது, சுற்றி இன்னும் வடக்கே போகிறோம், அங்கே நெட் இருக்காது, பயப்பட வேண்டாம் என்று. அதற்குப் பிறகு வீட்டிலிருந்து அனுப்பிய எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

வியாழக்கிழமையிலிருந்து அவருடைய தம்பி என் கடையிலேயே குடியிருந்தார். சட்டலைட் எல்லாம் என்னுடைய பொறுப்பு என்பது போலக் கேள்விக்கு மேல் கேள்வி. நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் ஊர் டிஷ் எல்லாம் ஏறக்குறைய மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் சட்டலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கின்றன, நாம் அதற்குக் கிட்ட இருக்கிறோம். வடக்கே போகப் போக அதே சட்டலைட் சரிந்து சரிந்து அடிவானத்துக்கு வந்துவிடும். இன்னும் போனால் அதற்கும் கீழே இறங்கிவிடும். திகன சந்தியில் நின்றால் தெரிகிற ஹுன்னஸ்கிரிய மலை மகாவலி ஆற்றுப் பள்ளத்தில் இறங்கினால் தெரியாது அல்லவா, அதே கதைதான்.

"அப்ப அங்க ஈக்கிற மனுசன் என்ன செய்ற?" என்று கேட்டார். துருவத்தைச் சுற்றி ஓடும் வேறு வகைச் சட்டலைட்டுகள் உண்டு, அதற்கு வேறு கருவி வேண்டும், புதிய கப்பல்களில் இருக்கிறது, உங்கள் அண்ணனுடைய கப்பல் பழையது என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பாவம், அதை நான் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபத்தில் திரையைக் கட்டி, ஸ்பீக்கர்களை வைத்து, கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதிய லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் ஒரு பக்கம், இடையில் தடுப்புச் சீலை, பெண்கள் மறுபக்கம். திரை வெள்ளைவெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு கலியாண மண்டபத்தில் வெற்றுத் திரையைப் போல அவமானமான சாமான் வேறு இல்லை. எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் பொறுமையானவர்தான். தன் ஃபோனில் உலக வானிலைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கப்பல் எங்கே நிற்கும் என்று என்னிடம் கேட்டார். படத்தில் இலங்கை, இந்தியா, அரபுக் கடல் எல்லாவற்றுக்கும் மேலே மேகம் அழகாக நகர்ந்துகொண்டிருந்தது. மேலே போகப் போக அது இழுபட்டுக் கலங்கி, உச்சியில் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. நான் அந்தச் சாம்பல் நிறத்தில் விரலை வைத்தேன். அவர் ஃபோனை அணைத்து ஜேப்பில் போட்டுக்கொண்டார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குள் முடிக்க வேண்டும், மண்டபம் மாலை வேறு ஆட்களுக்கு. மாப்பிள்ளை புதன்கிழமை விமானம் ஏற வேண்டும். மௌலவி எழுந்து நிதானமாகப் பேசினார். தகப்பன் எட்டாத தூரத்தில் இருந்தால் மார்க்கத்தில் அதற்கும் வழி இருக்கிறது, மார்க்க நீதிபதியான காழியார் பொறுப்பெடுத்து நடத்திக் கொடுக்கலாம், யாரும் கலங்க வேண்டாம் என்றார். நியாயமான பேச்சு. ஆட்கள் தலையாட்டினார்கள். பின்பக்கத்தில் சமைத்தவர்கள்கூட ஆறுதலாக மூச்சுவிட்டிருப்பார்கள்.

சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. மகள் சம்மதம் சொல்ல மாட்டாளாம். வாப்பாவின் வாயால் ஒரு வார்த்தை வராமல் இன்றைக்கு நிக்காஹ் வேண்டாம், இன்னொரு லீவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறாளாம். மண்டபம் சலசலத்தது. இன்னொரு லீவு என்றால் அடுத்த வருடம். அதுவரை இந்தச் சம்பந்தம் நிற்குமா என்று இரண்டு பேர் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் தன் தகப்பனிடம், "இன்னம் கொஞ்சம் இருப்போம் வாப்பா" என்றார். அதைத் தவிர அந்தப் பிள்ளை அன்று முழுக்க வேறொன்றும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இதற்கிடையில் என் ஃபோன் ஒருமுறை அடித்திருந்தது. கூட்டல் குறி போட்டு, கண்டறியாத ஒரு வெளிநாட்டு எண். அந்த நாட்களில் இப்படி எண்களிலிருந்து அழைப்பு வரும், எடுத்தால் காசு பறிபோகும் என்று ஊரெல்லாம் ஒரே எச்சரிக்கை. நானே கடைக்கு வருகிறவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே வெட்டிவிட்டேன். திரும்ப அடித்தது. பக்கத்திலிருந்த தம்பியார் எட்டிப் பார்த்து, "எடுக்காதீங்க, கள்ளக் கூட்டம்" என்றார். அதையும் வெட்டினேன்.

ஸ்பீக்கர் வயரை இழுத்துப் போடச் சீலைப் பக்கம் போனபோது பெண்ணின் உம்மா, அண்ணன் முறையில் என்னை நானா என்று கூப்பிட்டு, மெல்லிய குரலில் கேட்டார். அதற்கு முன்னும் பல தடவை கேட்டிருந்தார்.

"நானா, ஒண்டும் வரல்லயா?"

"இல்ல ராத்தா. ஏதோ வெளிநாட்டுக் கள்ள நம்பர் ஒண்டுதான் ரெண்டு தரம் வந்த. வெட்டிட்டேன்."

அவர் சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேவிட்டார். "என்ன நானா செஞ்சீங்க! கப்பல்காரன்ட வீட்டுக்கு வாரதெல்லாம் தெரியாத நம்பர்தானே!"

திருப்பி எடுத்துப் பார்த்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களில் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அல்லாஹ்வின் கிருபை, மூன்றாம் முறையும் அடித்தது.

ஒரு பெண் குரல், நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷ் பேசியது. எனக்கு இங்கிலீஷ் டிஷ் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் தெரியும், ஆனாலும் விளங்கியது. வடக்கே ஏதோ ஒரு கரையில் கப்பல்களின் வானொலி நிலையத்திலிருந்து பேசுகிறார். கப்பலின் நெட்டும் ஃபோனும் வேலை செய்யவில்லை. பழைய வானொலி ஒன்று மட்டும் வேலை செய்கிறது, அதில்தான் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வானிலை வருகிறது. இன்றைய வானிலையைச் சொல்லி முடித்துவிட்டு, அந்த அதிகாரி ஓர் உதவி கேட்டாராம். மகளின் கலியாணம், ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்று. மண்டபத் திரைக்காக வீட்டார் அவருக்குக் கொடுத்திருந்த என் எண்ணைத்தான் அவர் சொல்லியிருந்தார். வானொலியையும் ஃபோனையும் இணைத்துவிடுகிறேன், அவர் பேசும்போது நீங்கள் பேசக் கூடாது, 'ஓவர்' என்று சொன்ன பிறகுதான் பேசலாம் என்றார்.

நான் ஃபோனை ஸ்பீக்கர் பெட்டியில் கொழுவினேன். இரைச்சல் மண்டபத்தையே நிறைத்தது. எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்டது போல ஒரு சத்தம், அதற்குள்ளே ஒரு குரல் அமிழ்ந்து அமிழ்ந்து எழும்பியது. சலாம் சொன்னது விளங்கியது. பிறகு "ஓவர்."

மௌலவி ஃபோனுக்குக் கிட்டக் குனிந்து, ஆள் யார், மகள் பெயர் என்ன என்று கேட்டார். பதில் வருமென்று எல்லோரும் காத்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. நான் சைகை காட்ட, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓவர்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பதில் வந்தது, சரியான பதில்தான். ஆனால் சாட்சிகளில் மூத்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற தபாலதிபர், கையை உயர்த்தினார்.

"பேரு ஊரு யாருக்கும் தெரியும். இது அவர்ட சத்தம் எண்டு நான் எப்படி சாட்சி சொல்ற? எனக்கு ஏலா."

யாருக்கும் கோபம் வரவில்லை. ஏனென்றால் அது உண்மை. கூடப் பிறந்த தம்பியிடம் மௌலவி கேட்டார், அவரும் நிச்சயமில்லை என்று தலையசைத்தார். தகரத்துக்குள் இருந்து பேசுவது போன்ற அந்தக் குரல் யாருடையதாகவும் இருக்கலாம். உலகத்தின் உச்சியிலிருந்து ஒரு மனிதன் எட்டிப் பிடித்துவிட்டான், கடைசி அடியில் எல்லாம் நின்றுவிட்டது.

அப்போது இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. குரல் கேட்டது.

"மகள் அங்க ஈக்கிறாவா? எட்டுல எத்தன மகள்? ஓவர்."

மண்டபத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மௌலவி என்னைப் பார்த்தார். சீலைக்குப் பின்னால் கதிரை ஒன்று சரியும் சத்தம் கேட்டது. மணப்பெண், சோடனைகளோடு, யாரையும் பார்க்காமல் பக்கத்துக் கதவால் வெளியே இறங்கினாள். முற்றத்தில் நின்று, தலைச் சீலையைக் கையால் பிடித்துக்கொண்டு, வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். திரும்பி வந்தாள். நான் ஃபோனைச் சீலை ஓரமாக நீட்டினேன்.

"ஆறு வாப்பா. மல மூடி ஈக்கி, மழ வரும். ஓவர்."

இரைச்சல் மறுபடி எழும்பியது. இணைப்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அந்தக் குரல், "இங்க எட்டும் மூடித்தான் மகள். ஆறு நல்ல வானம்" என்றது. ஓவர் சொல்ல மறந்துவிட்டார்.

சீலைக்கு அந்தப் பக்கம் உம்மா வாய்விட்டு அழுதார். அந்த மேகக் கணக்கை நான் சொல்லக் கேட்ட தபாலதிபர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, "போதும் ஹஸ்ரத். நான் சாட்சி" என்றார். மௌலவி அந்த வசனத்தைக் கேட்டார். கப்பலிலிருந்து வாப்பா மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் விளங்கியது. தம்பி வக்கீலாக உட்கார்ந்தார், மாப்பிள்ளை கையைக் கொடுத்தார், நிக்காஹ் முடிந்தது. காவின் என்கிற கலியாணப் பதிவில் கையெழுத்து வைக்கும்போதே தகரக் கூரையில் மழை இறங்கியது. வானிலை அறிக்கை அவ்வளவு துல்லியமாகப் பலித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் அந்த நிலையத்துப் பெண் என்னிடம் ஒன்று கேட்டார். எல்லோரும் அமைதியாகி அழுதார்களே, அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "சிக்ஸ்" என்றேன். "கிளவுட். சிக்ஸ் ஆஃப் எய்ட்." அவர் சிரித்தார். அந்தக் கடலுக்கு மேலே படமெடுக்கச் சட்டலைட் எப்போதோதான் கடந்து போகிறது, அதுவும் ஒரு கீற்றுத்தான் கிடைக்கிறது, இத்தனை நாளாக மிச்சத்தை எங்களுக்குச் சொன்னது அந்த மனிதருடைய கண்தான், அவருக்கு ஒரு ஃபோன் எடுத்துக் கொடுப்பது பெரிய காரியமில்லை என்ற மாதிரிச் சொன்னார். நான் இரண்டு தரம் வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது இன்றைக்கும் ஒரு குறைதான்.

கப்பல் சில நாட்களில் சுகமாகக் கரை சேர்ந்தது. திரைக்கு நான் வாடகை எடுக்கவில்லை, அதில் ஒன்றும் காட்டவில்லையே.

இப்போதும் டிஷ் பூட்ட யாராவது வீட்டுக் கூரையில் ஏறினால், ஆணியை எடுப்பதற்கு முன்னால் வானத்தை ஒருமுறை எட்டாகப் பிரித்துப் பார்க்கிறேன், யாரும் கேட்காமலே. அன்று என் பெரிய திரை கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது, ஆனாலும் அந்தக் கலியாணத்துக்குப் பெண்ணின் வாப்பா வரவில்லை என்று இந்த ஊரில் ஒருவர்கூடச் சொல்லி நான் இதுவரை கேட்கவில்லை.